பந்து வந்த பாதை – 14: நெல் ஊரின் ஏழு பட்டங்கள்

இத்தாலியில் தேசியப் பட்டத்தை அதிக முறை வென்ற கால்பந்து கிளப்புகள் எவை என்று பட்டியல் எடுத்தால் யுவெண்டஸ், இன்டர், மிலான், ஜெனோவா என்று வரிசையாக வரும். ஐந்தாவது இடத்தில் மூன்று கிளப்புகள் ஏழு பட்டங்களோடு ஒன்றாக நிற்கும். டொரினோ, பொலோனியா, ப்ரோ வெர்ச்செல்லி. முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். மூன்றாவது கிளப் இன்று மூன்றாம் நிலை லீகான சீரி சி-யில் ஆடிக்கொண்டிருக்கிறது. ரோமா, லாசியோ, பியோரென்டினா மூன்றும் வென்றவற்றை மொத்தமாகக் கூட்டினாலும் ஏழுதான் தேறும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

தூரினுக்கும் மிலானுக்கும் நடுவே, செசியா ஆற்றங்கரையில் இருக்கிறது வெர்ச்செல்லி. ஐம்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் நெல் வயல்தான். ஒரு காலத்தில் அக்கம்பக்கத்து மாகாணங்களிலிருந்து கூட்டம் கூட்டமாகப் பெண்கள் வந்து, முழங்கால் தண்ணீரில் நின்று களை பறிப்பார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டு 1906-இல் அவர்கள் போராடி வென்றது இத்தாலியத் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய அத்தியாயம். கால்பந்திலும் ஊர் தலைதூக்கியது அதே காலத்தில்தான்.

கிளப் பிறந்தது பந்துக்காக அல்ல. 1892-இல் தொமெனிகோ லூப்பி என்ற ஆசிரியர் தொடங்கிய உடற்பயிற்சிச் சங்கம் அது, வாள்வீச்சும் உண்டு. அங்கே வாள் பழகிய மார்ச்செல்லோ பெர்ட்டினெட்டி என்ற இளைஞர், தூரினில் யுவெண்டஸ் ஆடுவதைப் பார்த்து மயங்கி, ஊருக்கு ஒரு பந்தைக் கொண்டுவந்தார் என்று கதை சொல்வார்கள். 1903-இல் கால்பந்துப் பிரிவு உருவானது. பெர்ட்டினெட்டி பின்னாளில் மருத்துவரானார். வாளையும் விடவில்லை: 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி, 1924-இலும் 1928-இலும் குழுப் போட்டிகளில் தங்கம். அவர் மகன் பிராங்கோவும் 1952, 1956 இரண்டிலும் தங்கம் வென்றார். ஒரு கால்பந்து கிளப்பின் மூலவருக்கு இப்படியொரு வம்சம் வேறெங்கும் அமைந்ததாகத் தெரியவில்லை.

1907-இல் இரண்டாம் பிரிவை வென்று மேலே வந்தது வெர்ச்செல்லி. அடுத்த ஆண்டே நாட்டின் சாம்பியன். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. இத்தாலியக் கால்பந்தை வளர்த்தவர்களில் பாதிப் பேர் ஆங்கிலேயர்களும் சுவிஸ்காரர்களும். 1908-க்கான போட்டியில் இத்தாலியர்கள் மட்டுமே ஆடலாம் என்று சம்மேளனம் சொன்னதும் ஜெனோவா, மிலான், டொரினோ மூன்றும் கோபித்துக்கொண்டு விலகின. வெர்ச்செல்லிக்கு அந்தக் கவலையே இல்லை. பதினொரு பேரும் உள்ளூர்ப் பையன்கள். ஆகவே முதல் பட்டம் கொஞ்சம் எளிதாகக் கிடைத்தது என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் 1909-இல் வெளிநாட்டாரும் ஆடிய போட்டியிலேயே பட்டத்தைத் தக்கவைத்தார்கள். பிறகு 1911, 1912, 1913 என்று தொடர்ந்து மூன்று. அவற்றைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

நடுவில் 1910 விடுபட்டது ஏன்? இந்த வாரக் கதையின் சுவையான இடம் அதுதான்.

அந்த ஆண்டு லீக் முடிந்தபோது வெர்ச்செல்லியும், பிறந்து இரண்டே வயதான இன்டரும் சம புள்ளிகளில் நின்றன. பட்டத்தை முடிவுசெய்ய ஏப்ரல் 24-இல் ஓர் ஆட்டம் என்று சம்மேளனம் நாள் குறித்தது. வெர்ச்செல்லி வீரர்கள் சிலர் அந்த நாளில் ராணுவப் போட்டியொன்றில் ஆட வேண்டியிருந்தது. தேதியைத் தள்ளிவையுங்கள் என்று கிளப் கேட்டது. இன்டர் ஒப்பவில்லை, சம்மேளனமும் அசையவில்லை. அப்படியா சேதி என்று, பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள்ளான சிறுவர்களைத் திரட்டி வெள்ளை ஜெர்சி மாட்டி மைதானத்தில் இறக்கிவிட்டது வெர்ச்செல்லி. பெரியவர்களின் அணி சின்னப் பையன்களை 10–3 என்று வென்றது. அதுதான் இன்டரின் முதல் பட்டம். பையன்கள் மூன்று கோல் போட்டார்கள் என்பதை வெர்ச்செல்லிக்காரர்கள் மறக்காமல் சொல்வார்கள்.

எதிர்ப்புக்கு விலை இருந்தது. கிளப்பின் வீரர்களுக்குத் தடை விழுந்தது. மூன்றே வாரத்தில், மே 15 அன்று, இத்தாலி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை மிலானில் ஆடி பிரான்சை 6–2 என்று வென்றது. நாட்டின் சிறந்த அணியிலிருந்து ஒருவர்கூட அதில் இல்லை. இந்த வீம்பு தேவைதானா என்று கேட்கலாம். தேவையில்லைதான். ஆனாலும் அதே வீம்புதான் அந்த அணியை அவ்வளவு தூரம் கொண்டுவந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

தடை நீங்கியதும் நிலைமை தலைகீழானது. 1913 மே 1 அன்று தூரினில் பெல்ஜியத்தை 1–0 என்று இத்தாலி வென்றபோது, களமிறங்கிய பதினொருவரில் ஒன்பது பேர் ப்ரோ வெர்ச்செல்லி. கோலடித்த குய்டோ ஆராவும் அவர்களில் ஒருவர். நடுக்களத்தில் ஆரா, ஜுசெப்பே மிலானோ, பியெத்ரோ லெயோனே மூவரும் சேர்ந்தால் எதிரணி பந்தைத் தொடுவதே பெரும்பாடு. கால்பந்து என்பது மென்மையான சீமாட்டிகளுக்கான ஆட்டம் அல்ல என்று ஆரா சொன்னதாக இத்தாலியில் இன்றும் வழங்குகிறார்கள். உடற்பயிற்சிச் சங்கத்தில் வளர்ந்தவர்கள். ஓட்டத்துக்கும் மோதலுக்கும் அஞ்சாதவர்கள். அதற்காக மிகைப்படுத்தவும் கூடாது. அதே மே மாதம் இங்கிலாந்திலிருந்து சுற்றுப்பயணம் வந்த ரெடிங் அணி இந்தச் சாம்பியன்களை 6–0 என்று நசுக்கிவிட்டுப் போனது.

1914-இல் கப்பலேறி பிரேசிலுக்கும் போனார்கள். டொரினோவும் அதே பருவத்தில் போயிருந்தது. இவ்விரு அணிகளின் வருகையைப் பார்த்து உற்சாகமான சாவோ பாலோ இத்தாலியர்கள் அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய பாலெஸ்த்ரா இத்தாலியா என்ற கிளப்தான் இன்றைய பால்மெய்ராஸ். அதன்பின் போர். ஜுசெப்பேயின் தம்பி பெலிச்சே மிலானோ 1915-இல் போர்முனையிலிருந்து திரும்பவில்லை.

போருக்குப் பிறகு 1921, 1922 என்று மேலும் இரண்டு பட்டங்கள். கடைசியது நடந்தபோது பெரிய கிளப்புகள் சம்மேளனத்தோடு பிணங்கித் தனிப் போட்டி நடத்திக்கொண்டிருந்தன. அதனால் அந்த ஆண்டு இத்தாலிக்கு இரண்டு சாம்பியன்கள். மற்றது நோவேசே. அதுவும் வெர்ச்செல்லி போலவே பியட்மாண்ட் வட்டாரத்தின் சின்ன ஊர் அணிதான்.

இனி வருவது பணத்தின் காலம். 1923-இல் பியட் கார் நிறுவனக் குடும்பத்தின் எதுவார்தோ அன்யெல்லி யுவெண்டஸ் தலைவரானார். வெர்ச்செல்லியின் தடுப்பாட்டக்காரர் விர்ஜீனியோ ரொசெட்டாவின் மீது அவர் கண் விழுந்தது. ஆடுவதற்குச் சம்பளம் கூடாது என்று விதி இருந்த காலம். கணக்கர் வேலை என்ற பெயரில் ரொசெட்டா தூரினுக்குப் போனார். சம்மேளனம் சீறி, அவர் ஆடிய ஆட்டங்களின் முடிவை ரத்துசெய்தது. ஒரே பருவத்தில் ஆறிப்போன கோபம் அது. 1926-இல் சம்மேளனமே விதியைத் தளர்த்திவிட்டது. ஊர்ப் பையன்களை வளர்த்தெடுக்கத் தெரிந்த கிளப்புக்கு அவர்களைப் பிடித்துவைக்கப் பணமில்லை. வெர்ச்செல்லி விழுந்த கதை இவ்வளவுதான். தந்திரம், தலைமுறை என்று வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு பெரும் வரவு: சில்வியோ பியோலா. பதினாறு வயதில் சீரி ஏ-யில் இறங்கியவர். 1933 அக்டோபர் 29 அன்று பியோரென்டினாவுக்கு எதிரான 7–2 வெற்றியில் ஆறு கோல்களை அவரே அடித்தார். ஒரே ஆட்டத்தில் ஆறு என்ற சாதனையைச் சமன் செய்தவர் யுவெண்டஸின் சிவோரி மட்டும், 1961-இல். அதுவும் எப்படி? யுவெண்டஸுடனான ஆட்டத்தை மீண்டும் நடத்தச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து, இன்டர் தன் இளையோர் அணியை இறக்கி 9–1 என்று தோற்ற ஆட்டம் அது! 1910-இல் பையன்களை அடித்துப் பட்டம் வாங்கிய அதே இன்டர்தான்.

பியோலாவை விற்றால் கிளப் சரியும், பிறகு எழாது என்று தலைவர் செகொந்தோ ரெஸ்ஸியா சொன்னதாகச் சொல்வார்கள். 1934-இல் பாசிச ஆட்சியின் செல்வாக்குள்ளவர்கள் நெருக்க, பியோலா ரோமுக்கு, லாசியோவுக்குப் போனார். அடுத்த பருவத்திலேயே வெர்ச்செல்லி சீரி ஏ-யிலிருந்து இறங்கியது. அதன்பின் அங்கே திரும்பவே இல்லை. பியோலாவோ 1938 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டு கோல் அடித்தார். சீரி ஏ-யில் அவருடைய 274 கோல்களை இன்றுவரை எவரும் தாண்டவில்லை.

மிச்சக் கதையைச் சுருக்கலாம். 1948-இல் சீரி பி-யும் போயிற்று. 2010-இல் கடனில் மூழ்கிப் பழைய கிளப் கலைந்தபோது, ஊரின் இன்னொரு அணியான ப்ரோ பெல்வெதேரே அந்தப் பெயரையும் வெள்ளை ஜெர்சியையும் ஏற்றுக்கொண்டது. 2012-இல் கார்ப்பியை பிளே ஆஃபில் வென்று, 64 ஆண்டுகளுக்குப் பிறகு சீரி பி-க்கு ஏறினார்கள். 2018-இல் மறுபடி இறக்கம்.

வெர்ச்செல்லி மைதானத்துக்கு இப்போது சில்வியோ பியோலா பெயர். பக்கத்து ஊர்ப் பங்காளி நோவாராவின் மைதானத்துக்கும் அதே பெயர். நாற்பது வயதுவரை பியோலா அங்கேதான் ஆடினார். டெர்பிக்குப் போகிறவர் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

வெர்ச்செல்லியின் வெள்ளைக்கு எதிராக வேண்டுமென்றே கறுப்பு ஜெர்சியைத் தேர்ந்தெடுத்து, ஐந்தே ஆண்டில் 1914 பட்டத்தைத் தட்டிப் பறித்த அண்டை ஊர் காசாலேயையும், அந்தக் கிளப்பைத் தொடங்கி, முப்பத்தைந்து ஆண்டு கழித்து ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்ட ஆசிரியர் ரபயேலே யாபேயையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)