ரம்மி இல்லை, இதுவும் சீட்டுதான்: ஆன்லைன் கார்டு கேம் போட்டிகள் எப்படி நடக்கின்றன, சட்டம் என்ன சொல்கிறது?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் நின்றுகொண்டு, "சீட்டு விளையாடி ஒருத்தர் இந்தியாவுக்குப் பதக்கம் வாங்கியிருக்கார்" என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது "ரம்மியா?" என்றுதான் இருக்கும்.

ரம்மி இல்லை. 2018-ல் இந்தோனேசியாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், குஜராத்தின் புஜ் நகரைச் சேர்ந்த தீர்த் மேத்தா 'ஹார்த்ஸ்டோன்' என்ற டிஜிட்டல் கார்டு கேமில் வெண்கலம் வென்றார். தங்கம் ஹாங்காங்குக்கும் வெள்ளி இந்தோனேசியாவுக்கும் போனது. அந்த ஆண்டு இ-ஸ்போர்ட்ஸ் காட்சிப் போட்டியாக மட்டுமே சேர்க்கப்பட்டதால், அவருடைய வெண்கலம் அதிகாரப்பூர்வ பதக்கப் பட்டியலில் ஏறவில்லை.

ரம்மியும் செல்போனில், இதுவும் செல்போனில். இரண்டிலும் கையில் சீட்டு, எதிரில் முகம் தெரியாத ஆள். வீட்டில் இருப்பவர்கள் குழம்புவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த ஆன்லைன் கேமிங் சட்டத்துக்குப் பிறகு இந்தக் குழப்பம் சாதாரண விஷயம் இல்லை. ஒரு பக்கம் அரசு ஊக்குவிக்கும் போட்டி, மறுபக்கம் சிறைத் தண்டனை வரை போகும் குற்றம்.

இது என்ன மாதிரி சீட்டு?

ரம்மியில் எல்லோருக்கும் அதே 52 சீட்டுதான். டிரேடிங் கார்டு கேமில் அப்படி இல்லை. நூற்றுக்கணக்கான கார்டுகளில் இருந்து அவரவர் தங்கள் கட்டைத் தாங்களே தயார் செய்துகொண்டு வர வேண்டும். 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' இந்த வகைக்கு முன்னோடி. அதுவும் போகிமான் கார்டு கேமும் அட்டையில் தொடங்கிப் பிறகு திரைக்கு வந்தவை. பிளிஸார்ட் நிறுவனம் 2014 மார்ச்சில் வெளியிட்ட ஹார்த்ஸ்டோன் தொடக்கத்திலிருந்தே திரையில் மட்டும் இருப்பது.

விளையாட்டு இதுதான்: உங்கள் கட்டில் 30 கார்டுகள். இரு தரப்பு நாயகர்களுக்கும் 30 உயிர்ப்புள்ளிகள். எதிராளியின் புள்ளியைப் பூஜ்ஜியமாக்கினால் வெற்றி. ஒவ்வொரு கார்டுக்கும் 'மானா' என்ற விலை உண்டு. முதல் சுற்றில் கையில் ஒரு மானா, அடுத்த சுற்றில் இரண்டு, இப்படியே பத்து வரை ஏறும். மார்க்கெட்டுக்கு முதல் நாள் 1 ரூபாயோடும் பத்தாம் நாள் 10 ரூபாயோடும் போகிற மாதிரி வச்சுக்கலாம். விலை உயர்ந்த கார்டாகக் கட்டில் நிரப்பினால் முதல் சில சுற்றுகள் சும்மா வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். எல்லாமே மலிவு என்றால் கடைசியில் அடி வாங்க வேண்டும்.

ஒரு சுற்றுக்கு 75 விநாடிதான் நேரம். முதலில் ஆடுபவருக்கு 3 கார்டு. இரண்டாவதாக ஆடுபவருக்கு 4 கார்டோடு, ஒரே ஒரு முறை கூடுதல் மானா தரும் ஒரு 'காசு'. முதலில் ஆடுவதால் கிடைக்கும் அனுகூலத்தைச் சரிக்கட்ட இந்த ஏற்பாடு.

போட்டி எப்படி நடக்கும்?

எந்தக் கார்டு எப்போது வரும் என்பது அதிர்ஷ்டம். அப்புறம் இதில் திறமை எங்கே என்ற கேள்வி நியாயமானது. ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து யாரையும் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது என்பது போட்டி நடத்துபவர்களுக்கும் தெரியும். அதனால்தான் 'கான்குவெஸ்ட்' என்ற முறை வந்தது.

இதில் ஒவ்வொருவரும் வெவ்வேறு நாயகர்களுக்கான நான்கு கட்டுகளோடு வருவார்கள். கார்டு பட்டியலை முன்பே கொடுத்துவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. எதிராளியின் நான்கில் ஒன்றை நீங்கள் தடை செய்யலாம், அவரும் உங்களுடையதில் ஒன்றைத் தடை செய்வார். மீதி மூன்று கட்டுகளிலும் ஒரு வெற்றியாவது பெற்றவரே ஜெயித்தவர். ஜெயித்த கட்டை மறுபடி எடுக்க முடியாது. ஆக, ஒரு நல்ல கட்டை வைத்துக்கொண்டு கடைசி வரை ஓட்ட முடியாது. போட்டியில் பாதி, முதல் கார்டு விழுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்று சொல்லலாம்: மற்றவர்கள் என்ன கொண்டுவருவார்கள், எதைத் தடை செய்வார்கள் என்ற கணக்குதான் அது.

வீட்டிலிருந்தே ஆடும் போட்டிகளில் இன்னொரு தலைவலி, நேரலை. ஆட்டத்தை அப்படியே ஒளிபரப்பினால் எதிராளி அதைப் பார்த்தே கையில் இருக்கும் கார்டைத் தெரிந்துகொள்வார். அதனால் சில நிமிடம் தாமதப்படுத்தி ஒளிபரப்புவது வழக்கம்.

உச்ச மேடை என்றால் பிளிஸார்ட் நடத்திய உலக இறுதிப் போட்டிகள். 2019-ல் அமெரிக்காவின் அனாஹெய்மில் சீனாவின் லி ஷியாவ்மெங் வென்று 2 லட்சம் டாலர் பரிசு பெற்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் பெண் அவர். முன்பு ஒரு போட்டியில் பதிவு வரிசையில் நின்றபோது, பெண் இங்கே நிற்கக் கூடாது என்று ஒருவர் சொன்னதை மேடையிலேயே சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

கேரமுக்கு உரிமையாளர் இல்லை, இதற்கு உண்டு

சதுரங்கத்துக்கோ கேரமுக்கோ உரிமையாளர் யாரும் கிடையாது. இங்கே விளையாட்டே ஒரு நிறுவனத்தின் சொத்து. அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும்.

2019 அக்டோபரில் ஹாங்காங் வீரர் 'பிளிட்ஸ்சங்', ஆட்டத்துக்குப் பிந்தைய பேட்டியில் ஹாங்காங் போராட்டத்துக்கு ஆதரவாகக் கோஷமிட்டார். பிளிஸார்ட் அவருக்கு ஓராண்டு தடை விதித்து, பரிசுப் பணத்தையும் நிறுத்தியது. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பிய பிறகு தடை ஆறு மாதமாகக் குறைந்தது, பணமும் திரும்பக் கொடுக்கப்பட்டது.

அடுத்தது இந்திய வீரர்களை நேரடியாகப் பாதித்தது. சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸ் முதல்முறையாக உண்மையான பதக்கப் பிரிவாகச் சேர்ந்தது, பட்டியலில் ஹார்த்ஸ்டோனும் இருந்தது. இடையில் பிளிஸார்டுக்கும் சீனாவின் நெட்ஈஸ் நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் முடிந்து, 2023 ஜனவரியில் சீனாவில் கேமின் சர்வர்கள் அணைக்கப்பட்டன. ஹார்த்ஸ்டோன் பட்டியலில் இருந்தே நீக்கப்பட்டது. அதற்காகத் தகுதி பெற்றிருந்த இந்திய வீரர்கள் ஒரு கார்டைக்கூடப் போடாமல் வாய்ப்பை இழந்தார்கள். 2018-ல் கணக்கில் வராத பதக்கம், அடுத்த முறை போட்டியே இல்லாமல் போனது.

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் கேமிங் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், இ-ஸ்போர்ட்ஸை ஊக்குவிக்க வேண்டிய ஒன்றாகவும், பணம் வைத்து ஆடும் கேம்களைத் தடை செய்ய வேண்டியவையாகவும் பிரித்தது. பணம் கட்டி ஆடும் கேமை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. இந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் விஷயம் இருக்கிறது. தமிழ்நாடு 2022-லேயே தனிச் சட்டம் போட்டது. 2025-ல் பணம் கட்டி ஆடும் கேம்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தடை வந்தது, சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் அது தமிழ்நாட்டுக்கு மட்டும். பெரிய மார்க்கெட்டில் இருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் கோட்டக்குப்பம் தமிழ்நாடு. அங்கே உண்டான நேரக் கட்டுப்பாடு யூனியன் பிரதேசத்துக்குள் இல்லை. மத்திய சட்டத்துக்கு இந்த எல்லை கிடையாது.

இங்கே கவனிக்க வேண்டியது 'திறமையா, அதிர்ஷ்டமா' என்பது இல்லை. ரம்மி திறமை ஆட்டம்தான் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தும், பணம் வைத்து ஆடினால் புதிய சட்டம் விடுவதில்லை. பணம் எப்படிப் புழங்குகிறது என்பதுதான் கேள்வி. இ-ஸ்போர்ட்ஸ் போட்டியில் பதிவுக் கட்டணம் வாங்கலாம். அது போட்டியில் சேர்வதற்கோ நிர்வாகச் செலவுக்கோ மட்டும் இருக்க வேண்டும். பரிசுப் பணமும் தரலாம். ஆனால் பந்தயம் கூடாது. போட்டிக்கு முறையான அங்கீகாரமும் பதிவும் வேண்டும்.

நாலு நண்பர்கள் சேர்ந்து இலவசமாக ஒரு ஹார்த்ஸ்டோன் போட்டி வைத்தால் பிரச்சினை இல்லை. அதையே வாட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கு 100 ரூபாய் ஜிபேயில் வாங்கி, சேர்ந்த மொத்தத்தையும் ஜெயித்தவருக்குக் கொடுத்தால்? கேம் அதேதான். ஆனால் கட்டிய பணம் ஜெயிப்பவருக்குப் போகிறது. சட்டம் சொல்லும் பண விளையாட்டின் வரையறைக்கு அது ரொம்பவே பக்கத்தில் வந்துவிடுகிறது. பொழுதுபோக்காகப் போட்டி நடத்துபவர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் இதுதான்.

அப்போ பாக்கெட் வாங்குவது?

பணம் வேறு வழியிலும் போகும். ஹார்த்ஸ்டோனை இலவசமாக ஆடலாம். புதுக் கார்டுக்கு ஐந்து கார்டு கொண்ட பாக்கெட் வாங்க வேண்டும், உள்ளே என்ன இருக்கும் என்று பிரித்தால்தான் தெரியும். வேண்டாத கார்டை உடைத்துத் 'தூள்' ஆக்கி வேறு கார்டு செய்துகொள்ளலாம், ஆனால் கணக்கு கசக்கும்: உயர்ரக 'லெஜண்டரி' கார்டு ஒன்றைச் செய்ய 1,600 தூள், அதையே உடைத்தால் கிடைப்பது 400. கார்டை இன்னொருவருக்கு விற்கவும் முடியாது, காசாக்கவும் முடியாது. போட்ட பணம் போட்டதுதான்.

இதுவும் சூதாட்டம் மாதிரிதானே என்று பல நாடுகள் கேட்டிருக்கின்றன. சீனா 2017-ல், எது வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளியிடச் சொன்னது. பெல்ஜியம் 2018-ல், பணம் கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகள் சில கேம்களில் சூதாட்டம்தான் என்றது. இந்தியச் சட்டம் பார்ப்பது, பணம் கட்டுபவர் பதிலுக்குப் பண லாபத்தை எதிர்பார்க்கிறாரா என்பதை. விற்க முடியாத கார்டு அதில் சுலபமாகச் சிக்காது.

சட்டத்தில் சிக்காவிட்டாலும் மாதக் கடைசியில் அப்பாவின் கார்டு பில்லில் சிக்கும். பிள்ளை எந்த கேம் ஆடுகிறது என்று கேட்பதோடு நிறுத்தாமல், கூகுள் பிளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றி வைக்கலாம். 'ஆர்டர் ஹிஸ்டரி' பகுதியில் இதுவரை எந்த கேமுக்கு எவ்வளவு போயிருக்கிறது என்பது தேதி வாரியாக இருக்கும்.