காப்பு என்ற சொல்லும் கைக்கு எட்டாத கருவியும்: இந்தியச் செயற்கைக்கோள்களின் அரை நூற்றாண்டுப் பாடம்

கணினித் தமிழில் அந்நியர் நுழையாமல் தடுப்பதைப் 'பாதுகாப்பு' என்கிறோம். இழப்பு நேர்ந்தால் பயன்படுத்த எடுத்துவைக்கும் நகலைக் 'காப்புப்பிரதி' என்கிறோம். இரண்டும் 'கா' என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஆனால், இவை குறிக்கும் இரு பணிகளும் ஒன்றோடொன்று முரண்படக்கூடியவை. முதலாவது வழிகளை அடைக்கச் சொல்கிறது. இரண்டாவது மாற்றுவழியொன்றைத் திறந்துவைக்கச் சொல்கிறது. கூடுதலாகத் திறக்கும் ஒவ்வொரு வழிக்கும் காவல் தேவை. கூடுதலாகப் போடும் ஒவ்வொரு பூட்டும் ஒருநாள் உரிமையாளரையே வெளியே நிறுத்திவிடலாம்.

கருவி அருகில் இருக்கும்வரை இம்முரண் பெரிதாகத் தெரிவதில்லை. பழுதானால் நேரில் சென்று திறந்து பார்க்கலாம். கருவி 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் அதற்கு வழியில்லை. தொலைவிலிருந்து மேலாண்மை செய்யப்படும் கருவிகளுக்கான பாதுகாப்பு, காப்புக் கொள்கைகளை இன்று நிறுவனங்கள்தோறும் எழுதுகின்றனர். இந்தச் சிக்கலை இந்தியா ஐம்பது ஆண்டுகளாகத் தன் செயற்கைக்கோள்களின்வழி கற்றுவந்திருக்கிறது. அவ்வரலாறு பெரும்பாலும் சாதனைப் பட்டியலாகவே எழுதப்படுகிறது. பழுதுகளின் வரலாறாக அதைப் படித்தால் கிடைக்கும் பாடம் வேறு.

1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ஒன்றியத்திலிருந்து ஏவப்பட்ட ஆரியபட்டாவில், அறிவியல் ஆய்வுக் கருவிகளுக்கு மின்சாரம் வழங்கிய அமைப்பு பழுதாகி, ஆய்வுகள் சில நாட்களிலேயே நின்றன. 1981இல் ஏவப்பட்ட ஆப்பிள் செயற்கைக்கோளின் இரு சூரியத் தகடுகளுள் ஒன்று விரியவே இல்லை. எஞ்சிய ஒரு தகட்டின் மின்சாரத்தைக் கொண்டே அதனை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இயக்கினர். இவை சோதனை முயற்சிகள். இவற்றை நம்பி நாட்டின் அன்றாடச் சேவை எதுவும் அப்போது இயங்கவில்லை.

இன்சாட்-1ஏ அப்படியன்று. தொலைத்தொடர்பு, தொலைக்காட்சி, வானிலை நோக்கு ஆகிய மூன்று பணிகளையும் ஒரே செயற்கைக்கோளில் ஏற்றி 1982 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து ஏவினர். அதனைக் கட்டுப்படுத்துவதற்கென்றே கர்நாடகத்தின் ஹாசனில் முதன்மைக் கட்டுப்பாட்டு மையம் அமைக்கப்பட்டது. ஏழு ஆண்டுகள் இயங்க வேண்டிய அச்செயற்கைக்கோள், தன் நிலையைச் சீராக வைத்துக்கொள்ளத் தேவையான எரிபொருள் தீர்ந்துபோனதால் அவ்வாண்டு செப்டம்பரிலேயே கைவிடப்பட்டது. கருவியின் பிற பகுதிகள் நன்றாக இருப்பினும், அதனைப் பூமியை நோக்கி நிறுத்திவைக்க முடியாவிட்டால் கட்டளை அனுப்பிப் பயனில்லை.

1983 ஆகஸ்டில் சேலஞ்சர் விண்ணோடத்திலிருந்து விடுவிக்கப்பட்ட இன்சாட்-1பியும் சூரியத் தகடு விரியாமல் தொடக்கத்திலேயே அச்சுறுத்தியது. பல நாள் முயற்சிக்குப் பின் செப்டம்பர் நடுவில்தான் தகடு விரிந்தது. அதன்பின் அச்செயற்கைக்கோள் தனக்கு வகுத்த ஆயுளை நிறைவாக வாழ்ந்தது. தொலைக்காட்சி இந்தியச் சிற்றூர்களுக்குப் பரவிய அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதியை ஒற்றைச் செயற்கைக்கோள் சுமந்தது என்பது இன்று எளிதில் நினைவுக்கு வராத செய்தி.

விண்ணில் இருப்பதற்கு மட்டுமே மாற்று தேவை என்பதில்லை. கட்டளை அனுப்பும் இடத்துக்கும் அது தேவை. ஹாசன் மையத்துக்குத் துணையாகவும் மாற்றாகவும் மத்தியப் பிரதேசத்தின் போபாலில் இரண்டாம் கட்டுப்பாட்டு மையம் 2005 ஏப்ரலில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஒரே வெள்ளமோ நிலநடுக்கமோ இரண்டையும் ஒருசேரத் தாக்காத தொலைவில் அது அமைந்துள்ளது. முதற்பத்தியில் கண்ட முரண் இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. கட்டளையிடும் இடம் இரண்டானால், காக்க வேண்டிய வாயில்களும் நம்ப வேண்டிய பணியாளர்களும் அதற்கேற்பப் பெருகுகின்றனர். மாற்று மையத்தின் காவல் தளர்ந்தால், காப்பே பாதுகாப்பின் ஓட்டையாகிவிடும்.

அடுத்த பாடம் எண்ணிக்கையைப் பற்றியது. 2008 அக்டோபரில் ஏவப்பட்ட சந்திரயான்-1, தான் எத்திசை நோக்கியிருக்கிறது என்பதை விண்மீன்களைப் பார்த்து அறிந்தது. அதற்கென முதன்மை உணரியும் மாற்று உணரியும் இருந்தன. 2009இன் முற்பகுதியில் முதலாவது பழுதானது. சில வாரங்களில் மாற்று உணரியும் செயலிழந்தது. அப்போது கைகொடுத்தது வேறுவகைக் கருவி. கைராஸ்கோப்புகளின் தரவையும் பிற குறிப்புகளையும் இணைத்துத் திசையைக் கணித்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் நிலவைச் சுற்றும் உயரமும் 100 கிலோமீட்டரிலிருந்து 200 கிலோமீட்டராக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் இறுதியில் தொடர்பு அறுபடும்வரை, மொத்தம் 312 நாட்கள் அது பணியாற்றியது.

இதே பாடம் 2017இல் மீண்டும் வந்தது. இந்திய வழிகாட்டுச் செயற்கைக்கோள் வரிசையின் முதலாவதான ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ மூன்று ருபீடிய அணுக்கடிகாரங்களைக் கொண்டிருந்தது. ஒன்றே போதும், மற்றவை காப்பு. மூன்றும் நின்றுபோயின. அதே காலத்தில் ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்கள் சிலவற்றிலும் கடிகாரங்கள் நின்ற செய்தி வெளியானது. மாற்றாக 2017 ஆகஸ்டில் ஏவப்பட்ட செயற்கைக்கோள், ஏவுகலத்தின் வெப்பக்கவசம் பிரியாததால் உள்ளேயே சிக்கியது. 2018 ஏப்ரலில்தான் அடுத்தது சென்று சேர்ந்தது. 2023 மே மாதத்தில் ஏவப்பட்ட என்விஎஸ்-01 உள்நாட்டில் உருவாக்கிய அணுக்கடிகாரத்தையும் சுமந்து சென்றது. ஒரே வார்ப்பில் செய்த மூன்றும் ஒரே காரணத்தால் வீழலாம். ஒரே அறையில், ஒரே வகை வட்டில், ஒரே கடவுச்சொல்லின்கீழ் வைத்த மூன்று நகல்களின் நிலையும் இதுவே.

மாற்று அமைப்பைச் சோதிப்பது பற்றிய பாடத்தை மங்கள்யான் தந்தது. 2013 நவம்பர் 11 அன்று அதன் சுற்றுப்பாதையின் சேய்மைப் புள்ளியை ஏறத்தாழ 1,00,000 கிலோமீட்டருக்கு உயர்த்த முயன்றனர். அவ்வேளையில் காப்பு அமைப்புகளையும் சோதித்துப் பார்த்தனர். எந்திரத்துக்குச் செல்லும் எரிபொருளைக் கட்டுப்படுத்தும் வால்வின் முதன்மைச் சுருளும் மாற்றுச் சுருளும் தனித்தனியே சரியாக இயங்கின. இரண்டுக்கும் ஒருசேர மின்சாரம் கொடுத்தபோது எரிபொருள் ஓட்டம் நின்றுவிட்டது. சேய்மைப் புள்ளி 78,276 கிலோமீட்டரையே எட்டியது. மறுநாள் துணை முயற்சியால் அது 1,18,642 கிலோமீட்டராக உயர்த்தப்பட்டது. முதன்மையும் மாற்றும் ஒன்றாக இயங்கினால் ஒன்றையொன்று முடக்கும் என்பது பூமியின் அருகிலேயே தெரிந்துவிட்டது. செவ்வாய் அருகே தெரிந்திருந்தால் திருத்தக் காலம் இருந்திராது.

2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைய எந்திரம் ஏறத்தாழ 24 நிமிடங்கள் எரிய வேண்டியிருந்தது. அப்போது பூமியிலிருந்து சமிக்ஞை ஒன்று சென்று சேரவே ஏறத்தாழ 12 நிமிடங்கள் ஆகும். ஐயம் ஒன்று எழுந்து பூமியைக் கேட்டு விடை பெறுவதற்குள் எரியூட்டலே முடிந்துவிடும். எனவே கட்டளைகள் முழுவதும் சில நாட்களுக்கு முன்பே ஏற்றப்பட்டன. 300 நாட்கள் உறங்கிக்கிடந்த எந்திரத்தைச் செப்டம்பர் 22 அன்று ஏறத்தாழ நான்கு நொடிகள் இயக்கிப் பார்த்தனர். அது இயங்காவிட்டால் எட்டுச் சிறு உந்துகலங்களைப் பயன்படுத்தும் திட்டமும் கையில் இருந்தது.

இலக்கண நோக்கில் இம்மாற்றம் கவனிக்கத்தக்கது. அருகிலிருக்கும் கருவிக்கு நாம் ஏவல் வினையில் பேசுகிறோம்: 'செய்', 'நிறுத்து'. தொலைவு கூடக்கூட, மரபிலக்கணம் 'செயின்' என்று வாய்பாடு தரும் நிபந்தனை எச்சத்துக்கு மாறுகிறோம்: 'இன்னது நேரின் இன்னது செய்'. கொள்கை என்று நாம் அழைப்பது இத்தகைய நிபந்தனை வாக்கியங்களின் தொகுப்பே. அவற்றை எழுதுபவர், கேள்வி கேட்க இயலாத ஒருவருக்கு முன்கூட்டியே விடை எழுதிவைக்கிறார்.

பாதுகாப்பின் பக்கத்தை 2022 பிப்ரவரி 24 உணர்த்தியது. உக்ரைன் மீதான போர் தொடங்கிய அந்நாளில், கே.ஏ.-சாட் செயற்கைக்கோளுக்கு எதுவும் நேரவில்லை. தரையில் இருந்த மேலாண்மை வலையமைப்புக்குள் புகுந்தவர்கள், இணைப்பிலிருந்த பல்லாயிரம் மோடம்களுக்கு மேலாண்மைக் கட்டளைகளையே அனுப்பி அவற்றின் நினைவகத்தை அழித்தனர். தொலைவிலிருந்து பழுதுபார்ப்பதற்காகத் திறந்திருந்த வழியே பழுதாக்கவும் பயன்பட்டது. சேவையை மீட்க ஏறத்தாழ 30,000 புதிய மோடம்களை அனுப்ப வேண்டியிருந்தது. அதே தாக்குதலால் ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளின் தொலைக்கண்காணிப்பு அறுந்தது. ஆனால், காற்றாலைகள் நிற்கவில்லை; கட்டளை வராத நேரத்தில் தாமாக இயங்குமாறு அவை அமைக்கப்பட்டிருந்தன.

2023 ஆகஸ்டில் சந்திரயான்-3இன் தரையிறங்கு கலம், 2019 முதல் நிலவைச் சுற்றிவரும் சந்திரயான்-2இன் சுற்றுகலத்துடன் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டது. தரையிறங்கும் முயற்சி தோற்ற ஒரு பயணத்தின் எஞ்சிய பகுதி, அடுத்த பயணத்துக்கு மாற்றுத் தொடர்புவழியாயிற்று.

ஆவணக் காப்பகத்தின் சர்வர், கள ஆய்வாளரின் ஒலிப்பதிவுக் கருவி, விடுதிதோறும் பொருத்திய கேமரா என எல்லாவற்றுக்கும் இன்று தொலைமேலாண்மை வந்துவிட்டது. அவற்றுக்கான கொள்கை ஆவணங்களில் 'காப்புப்பிரதி எடுக்கப்படும்' என்ற செயப்பாட்டு வினை தவறாமல் இடம்பெறுகிறது. எடுப்பவர் யார், மீட்டுப் பார்த்த நாள் எது, மாற்றுவழியின் சாவி யாரிடம், தொடர்பு அறுந்தால் கருவி என்ன செய்யும் என்ற நான்கு கேள்விகளுக்கும் அவ்வாக்கியத்தில் இடமில்லை. பேசுவோர் அருகிவரும் மொழியொன்றின் கடைசிப் பேச்சாளரது ஒலிப்பதிவு அந்தச் சர்வரில் இருக்கலாம். செயற்கைக்கோளைப் போலவே அதற்கும் இரண்டாம் முறை கிடையாது.