இல்லாத கோட்டைக்கு ஒரு நாள் டூர்: கடலூரிலிருந்து சிதம்பரம் வரை

இந்த எபிசோடுக்கு விதை போட்டது ஒரு வாட்ஸ்அப் போட்டோ. ஜப்பானுக்கு டூர் போன நண்பர் ஒருத்தர் ஒசாகா கோட்டை முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்து அனுப்பியிருந்தார். வெள்ளைச் சுவர், பச்சைக் கூரை, ஓரங்கள்ல தங்கம் மின்னுது. கீழே ஒரு வரி: "நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒண்ணு இருக்கா?"

அவர் சொந்த ஊர் கடலூர். அதனாலதான் அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

முதல்ல ஒசாகா கோட்டையைப் பத்தி ஒரு விஷயம். அதை ஹிதேயோஷி கட்ட ஆரம்பிச்சது 1583ல. 1615 போர்ல அது எரிஞ்சு போச்சு. தொக்குகாவா ஆட்சியில திரும்பக் கட்டினாங்க. 1665ல அதோட பிரதான கோபுரத்துல இடி விழுந்து அதுவும் எரிஞ்சது. அதுக்கப்புறம் 260 வருஷத்துக்கும் மேல அங்கே கோபுரமே கிடையாது. இப்போ நண்பர் பின்னாடி நிக்கிற கோபுரம் 1931ல ஊர் மக்கள் நன்கொடை கொடுத்து கான்கிரீட்டில் கட்டினது. உள்ளே அருங்காட்சியகம் இருக்கு, லிஃப்ட்டும் இருக்கு. அவங்க அதை மறைக்கலை, வெளிப்படையாவே சொல்றாங்க. இடிஞ்சதைத் திரும்பக் கட்டி, அதோட கதையை உள்ளே வெச்சுட்டாங்க.

கடலூர்ல நடந்தது வேற. இங்கே கோட்டை இடிஞ்சது, திரும்பக் கட்டலை. ஆனா அந்தக் கோட்டை எவ்வளவு தூரம் கை நீட்டுச்சுங்கிற அளவு இன்னைக்கும் ஊர்ப் பேர்ல இருக்கு. அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துல சிதம்பரம். அங்கே நாம யாருமே கோட்டைன்னு நினைக்காத ஒரு இடம், கோட்டையா இருந்து பீரங்கிக்குப் பதில் சொல்லியிருக்கு. இன்னைக்கு அந்த ரெண்டு இடத்துக்கும் போயிட்டு வருவோம்.

ஒரு குண்டு போன தூரம்

சென்னையிலிருந்து ரயில்ல வந்தா திருப்பாதிரிப்புலியூர்ல இறங்கணும். அங்கிருந்து ஆட்டோவில் ஏறி "கோட்டைக்குப் போகணும்"னு சொன்னேன். "எந்தக் கோட்டை சார்? பீச்சுக்கா?"ன்னு கேட்டார் ஆட்டோக்காரர். தப்பு அவர் மேல இல்லை. தேவனாம்பட்டினத்துல இன்னைக்கு எல்லாரும் போறது சில்வர் பீச்சுக்குத்தான். அதுக்குப் பக்கத்துல, கெடிலம் ஆறு கடலைத் தொடுற இடத்துக்கு வடக்கே, செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. இப்போ மிச்சம் இருக்கிறது இடிபாடுகள்தான். டிக்கெட் கவுன்ட்டர் கிடையாது, செல்ஃபி எடுக்க ஒரு கோபுரமும் கிடையாது.

1690ல இந்தப் பகுதி செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டியர்கள் கையில இருந்தது. சிவாஜியோட மகன் ராஜாராம் அப்போ செஞ்சிக் கோட்டையில இருந்தார். அவுரங்கசீப்போட படை அவரைத் துரத்திக்கிட்டு வருது. அந்தச் செஞ்சி முற்றுகை 1698 வரைக்கும் இழுத்தது. போர் நடத்தப் பணம் வேணும். இன்னொரு பக்கம் ஆங்கிலேய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரை வேணும். காரணம் துணி. கடலூரைச் சுத்தி இருந்த நெசவாளர்களோட பருத்தித் துணிக்கு ஐரோப்பாவுல நல்ல கிராக்கி. தேவனாம்பட்டினத்துல ஏற்கெனவே ஒரு சின்னக் கோட்டை நின்னது. அதை கம்பெனி விலைக்கு வாங்கிடுச்சு.

வாங்கினவர் யாருன்னு தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க. அப்போ சென்னை கவர்னரா இருந்த எலிஹு யேல். ஆமா, அமெரிக்காவுல இருக்கிற யேல் பல்கலைக்கழகத்துக்குப் பேர் கொடுத்த அதே யேல்தான். அவர் குடும்பம் வேல்ஸைச் சேர்ந்தது. வேல்ஸோட காவல் புனிதர் டேவிட். அதனால கோட்டைக்கு செயின்ட் டேவிட்னு பேர்.

கோட்டை சரி, சுத்தி இருக்கிற நிலம் எவ்வளவு? இதுக்குத்தான் ஒப்பந்தத்துல ஒரு விசித்திரமான அளவு இருக்கு. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டா குண்டு எவ்வளவு தூரம் போகுதோ, அதுவரைக்கும் நிலம் கம்பெனிக்கு.

கம்பெனி என்ன பண்ணும்னு யோசிச்சுப் பாருங்க. இருக்கிறதுலயே தூரமா சுடுற பீரங்கியா பார்த்துத்தான் வைக்கும். அதேதான் நடந்தது. சென்னையிலிருந்து பீரங்கி வந்தது. குண்டை எப்படிப் போட்டுச் சுட்டா தூரமா போகும்ங்கிறது பீரங்கிக்காரரோட சாமர்த்தியம்ங்கிற மாதிரி மேலிடத்துக் குறிப்பும் வந்தது. 1690 செப்டம்பர்ல நாலு திசையிலும் சுட்டாங்க. குண்டு விழுந்த எல்லைக்குள்ள வந்த கிராமங்கள் எல்லாம், கடலூர் நகரமும் சேர்த்து, கம்பெனி கைக்குப் போச்சு.

அந்த ஊர்களுக்கு "குண்டு கிராமம்"னே பேர் நிலைச்சுப் போச்சு. இன்னைக்கும் கடலூர்ல குண்டு உப்பலவாடின்னு ஒரு ஊர் இருக்கு. குண்டு சாலைன்னு ஒரு ரோடு இருக்கு. நண்பருக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். "டேய், அந்த ரோட்டுல வளர்ந்தவன்டா நான். குண்டும் குழியுமா இருக்கிறதால அந்தப் பேர்னு நினைச்சேன்"னு சிரிச்சார்.

எனக்கு அந்த இடத்துல சிரிப்பு நின்னு போச்சு. காலையில வயலுக்குப் போன ஒரு விவசாயியை நினைச்சுப் பாருங்க. தறியில உட்கார்ந்திருந்த ஒரு நெசவாளியை நினைச்சுப் பாருங்க. எங்கேயோ சத்தம் கேட்குது. மண்ணுல ஒரு இரும்பு உருண்டை விழுது. அன்னையிலிருந்து அவர் வரி கட்ட வேண்டிய ஆள் மாறிட்டார். வழக்குன்னு வந்தா தீர்ப்பு சொல்ற ஆளும் மாறிட்டார். யாரும் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. பக்கத்துல குண்டு எட்டாத ஊர்க்காரர் அப்படியே பழைய ஆட்சியில இருக்கார். ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த எல்லை, ஒரு பீரங்கிக்காரர் போட்ட மருந்தோட அளவு. நம்ம நாட்டுல காலனி ஆட்சி எப்படி ஆரம்பிச்சதுன்னு யாராவது கேட்டா, நான் பிளாசிக்கு முன்னாடி இந்தக் குண்டைத்தான் சொல்வேன்.

கடலூர் தலைநகரா இருந்த ஆறு வருஷம்

சென்னைக்காரங்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும். 1746ல பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடிச்சது. அதுக்கப்புறம் 1752 வரைக்கும் தென்னிந்தியாவுல ஆங்கிலேயர்களோட தலைமையிடம் தேவனாம்பட்டினத்து கோட்டைதான். 1749ல சென்னை திரும்பக் கிடைச்ச பிறகும் உடனே மாத்தலை. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி புதுச்சேரியில டூப்ளே உட்கார்ந்திருக்கார். அவர் அனுப்பின தாக்குதல்களை இந்தக் கோட்டை தாங்கி நின்னது.

சென்னை விழுந்தப்போ 21 வயசு குமாஸ்தா ஒருத்தன் உள்ளூர்க்காரன் மாதிரி வேஷம் போட்டுத் தப்பிச்சு இங்கே வந்து சேர்ந்தான். பேர் ராபர்ட் கிளைவ். கணக்கு எழுதிக்கிட்டிருந்தவன் பேனாவை வெச்சுட்டு பட்டாளத்துல சேர்ந்தது இங்கேதான். பத்து வருஷம் கழிச்சு, 1756ல, இதே கோட்டைக்கு கவர்னரா வந்தார். வந்த சில மாசத்துலேயே வங்காளத்துக்குக் கிளம்பினார். அடுத்த வருஷம் பிளாசி.

அவர் போனதும் கோட்டைக்கு நேரம் சரியில்லை. 1758 ஏப்ரல் கடைசியில பிரெஞ்சுத் தளபதி லாலி புதுச்சேரியில வந்து இறங்கினார். ஜூன் 2ஆம் தேதி செயின்ட் டேவிட் சரணடைஞ்சது. லாலி அதோட அரண்களை வெடி வெச்சுத் தகர்த்தார். ஆங்கிலேயர்கள் இதை மறக்கலை. 1761ல புதுச்சேரியைப் பிடிச்சப்போ அதை இடிச்சுத் தரைமட்டம் ஆக்கினாங்க. இன்னைக்கு நாம புதுச்சேரி வெள்ளை டவுன்ல பார்க்கிற தெருக்கள் அந்த அழிவுக்கு அப்புறம் எழுந்தவை. ரெண்டு கம்பெனிகள் மாத்தி மாத்தி பழி தீர்த்துக்கிட்டதுல உடைஞ்சது நம்ம ஊர்கள்.

ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு சிதம்பரம் போயிடுவோம். 1783 ஜூன்ல கடலூர்ல மறுபடி பெரிய சண்டை. இந்த முறை ஊருக்குள்ள பிரெஞ்சுப் படை, வெளியே ஆங்கிலப் படை. பிரெஞ்சுக்காரங்க பக்கம் மைசூர் வீரர்களும் நிக்கிறாங்க. ஜூன் 13ல தரையில சண்டை, ஜூன் 20ல கடல்ல சண்டை. ரெண்டு பக்கமும் நூத்துக்கணக்குல சாவு. மாசக் கடைசியில ஒரு கப்பல்ல செய்தி வருது: ஐரோப்பாவுல ஜனவரியிலேயே சமாதானக் கையெழுத்து ஆயாச்சு! அமெரிக்க சுதந்திரப் போர்ல பிரான்ஸ் சேர்ந்ததால மூண்ட உலகச் சண்டையோட கடைசி மோதல்கள் நடந்த இடம் நம்ம கடலூர். முடிஞ்சு போன போருக்காக அஞ்சு மாசம் கழிச்சு இங்கே ஆள் செத்திருக்கான்.

கோபுரம் இருக்கிற கோட்டை

கடலூர்ல பஸ் ஏறினா சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். கீழ வீதியில இறங்கி நடராஜர் கோவிலைப் பாருங்க. இந்தத் தடவை மட்டும் பக்தராவும் பார்க்காதீங்க, டூரிஸ்ட்டாவும் பார்க்காதீங்க. ஒரு தளபதியோட கண்ணால பாருங்க.

சுத்தி வெள்ளாறுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல தட்டையான வயல். செஞ்சி மாதிரி மலை கிடையாது. மறைஞ்சு நிக்க ஒரு குன்றுகூட இல்லை. அந்தச் சமவெளியில ஏக்கர் கணக்குல இடத்தை வளைச்ச உயரமான கல் மதில். ஒரு மதில் இல்லை, உள்ளுக்குள்ள இன்னொண்ணு. நுழைய நாலே வாசல், ஒவ்வொண்ணு மேலயும் ஒரு கோபுரம். மேலே ஏறினா பல மைல் தூரம் தெரியும். உள்ளே தண்ணிக்கு சிவகங்கைக் குளம். நிழலுக்கு மண்டபங்கள். கோட்டை கட்ட ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டா இதைத்தானே கேட்பார்?

18ஆம் நூற்றாண்டுப் படைகள் அப்படித்தான் பார்த்தாங்க. கர்நாடகப் போர்கள்ல இந்தக் கோவில் கை மாறிக்கிட்டே இருந்தது. 1753ல ஆங்கிலேயர்கிட்ட இருந்து பிரெஞ்சுக்காரங்க பிடிச்சாங்க. 1760ல திரும்ப ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அப்புறம் ஹைதர் அலி பிடிச்சு, அரணை இன்னும் பலப்படுத்தி, உள்ளே காவல் படை வெச்சார்.

1781 ஜூன்ல ஆங்கிலத் தளபதி அயர் கூட் இதைத் தாக்கினார். பெரிய பேர் எடுத்தவர், இருபது வருஷம் முன்னாடி புதுச்சேரியைப் பிடிச்ச அதே ஆள். ராத்திரியோட ராத்திரியா தாக்கியும் உள்ளே போக முடியலை. பெரிய இழப்போட பின்வாங்கி பரங்கிப்பேட்டைக்குப் போனார். அவர் கடலூர் திரும்புற வழியை மறிச்சு ஹைதர் படை வந்து நின்னது. ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டைப் போர். அதுல கூட் ஜெயிச்சார். ஆனா கோவில் மதில்கிட்ட தோத்தது தோத்ததுதான்.

அப்போ ஒரு கேள்வி வரும். இவ்வளவு அடி வாங்கின ரெண்டு இடத்துல ஒண்ணு மண்ணோட மண்ணாச்சு, இன்னொண்ணு நிக்குது. ஏன்? கல்லு, செங்கல் வித்தியாசம் ஒரு காரணம். லாலி வேணும்னே இடிச்சார்ங்கிறது இன்னொரு காரணம். ஆனா எனக்குப் படுற முக்கியக் காரணம் வேற. படைகள் போன பிறகு சிதம்பரத்துக்கு ஆள் திரும்பி வந்தாங்க. விளக்கு ஏத்தணும், ஆனித் திருமஞ்சனம் நடக்கணும், மார்கழியில தேர் ஓடணும். அந்தக் கட்டடம் தினமும் யாருக்கோ தேவைப்பட்டது. செயின்ட் டேவிட் கோட்டை கம்பெனிக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. கம்பெனி சென்னைக்குக் குடி போனதும், அதைத் திரும்ப எழுப்பணும்னு ஊர்ல யாருக்குத் தோணும்? அது ஊரைக் காத்த கோட்டை இல்லையே, ஊரை அளந்த கோட்டை.

அதனால ஒசாகா மாதிரி ஒரு கான்கிரீட் கோபுரம் தேவனாம்பட்டினத்துல வேணும்னு நான் கேட்கலை. அந்த மக்களுக்கு மறக்க முடியாத தேதி 1758 ஜூன் இல்லை, 2004 டிசம்பர் 26. ஆனா குண்டு உப்பலவாடி போற வழியில ஒரு பலகை வைக்கலாம். இந்த ஊர் பேர் எப்படி வந்ததுன்னு தமிழ்ல நாலு வரி. ரோட்டுப் பள்ளத்துக்கும் பீரங்கிக்கும் வித்தியாசம் தெரியாம அடுத்த தலைமுறையும் வளர வேண்டாம்.

ஊருக்குத் திரும்புறதுக்கு முன்னாடி நண்பருக்கு ஒரு போட்டோ அனுப்பினேன். கோபுரமும் இல்லை, கோட்டையும் இல்லை. குண்டு சாலையில ஒரு கடையோட பெயர்ப்பலகை, அதுல இருக்கிற முகவரி மட்டும். கீழே எழுதினேன்: "இருக்கு."

நீங்களும் ஒரு நாள் ஒதுக்குங்க. காலையில தேவனாம்பட்டினம், மதியம் பரங்கிப்பேட்டை, சாயங்காலம் சிதம்பரம். உங்க ஊர்ப் பேருக்குள்ளேயும் இப்படி ஏதாவது ஒளிஞ்சிருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.