ஐந்து டாலரும் ஐந்தாண்டு ஒப்பந்தமும்

1914 ஜனவரி 12. டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் எலும்பைத் துளைக்கும் குளிர். ஃபோர்டு கார் ஆலையின் வாசலில் வேலை கேட்டு ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். ஒரு வாரம் முன்பு ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட அறிவிப்புதான் அவர்களை அங்கே இழுத்து வந்திருந்தது. நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து டாலர் வருமானம்! அதுவரை ஒன்பது மணி நேரம் உழைத்தாலும் இரண்டரை டாலர்கூடத் தேறாது. இனி ஆள் எடுப்பதில்லை என்றதும் கூட்டம் கலைய மறுத்தது. தீயணைப்புக் குழாயைத் திருப்பி, அத்தனை பேர் மீதும் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். அந்தக் குளிரில் போட்டிருந்த கோட்டு விறைத்துப்போனது.

ஃபோர்டுக்கு ஏன் இந்தத் திடீர் தாராளம்? காரணம் முந்தைய ஆண்டில் இருக்கிறது. 1913இல் ஹைலண்ட் பார்க்கில் ஓடும் அசெம்பிளி லைன் வந்தது. ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட முன்பு பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சில மாதங்களில் அது ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. முதலாளிக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் நாள் முழுக்க ஒரே நட்டை ஒரே மாதிரி முறுக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? வந்தவர்கள் வந்த வேகத்தில் ஓடினார்கள். சுமார் 14,000 பேர் வேலை செய்யும் ஆலைக்கு அந்த ஓர் ஆண்டில் மட்டும் 50,000 பேருக்கு மேல் ஆள் எடுக்க வேண்டியிருந்தது. ஓடுகிறவனைப் பிடித்து நிறுத்தக் கொடுத்த விலைதான் ஐந்து டாலர்.

அதையும் சும்மா கொடுத்துவிடவில்லை. பாதித் தொகை கூலி, மீதி லாபத்தில் பங்கு என்று கணக்கு. அந்தப் பங்குக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க கம்பெனி ஒரு தனித் துறையே வைத்திருந்தது. அதன் ஆட்கள் தொழிலாளியின் வீடு தேடி வந்தார்கள். வீடு சுத்தமாக இருக்கிறதா, ஆள் குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வாடகைக்கு வெளி ஆட்களை வீட்டில் தங்கவைத்திருக்கிறாரா என்று துருவினார்கள். போலந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்தவர்களுக்கு ஆங்கில வகுப்பும் உண்டு. கூலியோடு சேர்த்து வாழ்க்கை முறையையும் கம்பெனியே வகுத்துக் கொடுத்தது.

இருபதுகளில் இந்த ஏற்பாடு பலன் தந்ததுபோலத்தான் தெரிந்தது. 1908இல் 850 டாலருக்கு விற்ற மாடல் டி காரின் விலை, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. காரைச் செய்தவனே காரை வாங்கினான். பிறகு 1929 வந்தது.

பங்குச் சந்தை சரிந்த கதையை மறுபடி சொல்லத் தேவையில்லை. 1933இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் 7 அன்று, வேலை இழந்தவர்கள் டெட்ராய்ட்டிலிருந்து டியர்பார்னில் உள்ள ஃபோர்டின் ரூஜ் ஆலைக்குப் பசி ஊர்வலம் போனார்கள். போலீஸும் கம்பெனிக் காவலர்களும் சுட்டதில் நான்கு பேர் அங்கேயே செத்தார்கள். காயம்பட்ட இன்னொருவர் பிற்பாடு இறந்தார். ஐந்து டாலர் கொடுத்து உலகப் புகழ் பெற்ற அதே முதலாளிதான்.

1935இல் ரூஸ்வெல்ட் அரசு இரண்டு முக்கியச் சட்டங்களைக் கொண்டுவந்தது. வேக்னர் சட்டம், சங்கம் சேர்வதும் கூட்டாகப் பேரம் பேசுவதும் தொழிலாளியின் உரிமை என்றது. சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதுமைக்கு ஓய்வூதியம் தந்தது. இரண்டிலும் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் விட்டுவிட்டார்கள். தென் மாநிலங்களின் கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் செய்தது இந்த இரண்டு வேலைகளைத்தான். இந்த ஓட்டையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

சட்டம் காகிதத்தில் இருந்தது. அதை ஆலைக்குள் கொண்டுவந்தது மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரம். அது ஜெனரல் மோட்டார்ஸின் ஊர். வேலை, செய்தித்தாள், நகர நிர்வாகம் எல்லாமே கம்பெனியின் நிழலில். சங்கத்துக்குள் ஒற்றர்களை நுழைக்க மட்டும் அந்தக் கம்பெனி இரண்டரை ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் டாலர் செலவிட்டது என்பது பின்னர் நடந்த செனட் விசாரணையில் வெளிவந்தது.

1936 டிசம்பர் 30. ஃபிஷர் பாடி முதல் ஆலையில் கார்க் கூட்டை அடித்தெடுக்கும் டைகளை ரயில் பெட்டியில் ஏற்றுகிறார்கள் என்று செய்தி பரவியது. சங்கம் பலமில்லாத ஊருக்கு வேலையை மாற்றப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. இரவு ஷிஃப்ட் ஆட்கள் இயந்திரங்களை நிறுத்தினார்கள். வெளியே போய் வாசலில் கோஷம் போட்டால் போலீஸ் அடித்து விரட்டும், பின்வாசல் வழியே புது ஆட்கள் நுழைந்துவிடுவார்கள். அதனால் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். கோடிக்கணக்கான டாலர் பெறும் இயந்திரங்கள் சுற்றி இருக்கும்போது கம்பெனி எப்படிச் சுடும்?

அந்த உள்ளிருப்புப் போராட்டம் 44 நாள் நீண்டது. கார் சீட்டுகளே படுக்கையாயின. மது கூடாது, இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது, தினமும் கூட்டிப் பெருக்க வேண்டும் என்று கமிட்டி போட்டு நடத்தினார்கள். வீண்பழி வந்துவிடும் என்று பெண் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எதிர்ச் சாரியிலிருந்த ஒரு ஹோட்டலில் சோறு சமைத்து உள்ளே கொடுத்தார்கள்.

ஜனவரி 11 அன்று, போராட்டம் நடந்த ஃபிஷர் பாடி இரண்டாம் ஆலையில் வெப்பமூட்டும் குழாயை அணைத்தார்கள், சாப்பாட்டையும் தடுத்தார்கள். இருட்டியதும் போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசியது. உள்ளே இருந்தவர்கள் கையில் கிடைத்த கதவுக் கீல்களை வீசினார்கள். ஆலையின் தீயணைப்புக் குழாயை எடுத்துப் போலீஸ் மீது திருப்பினார்கள். ஹைலண்ட் பார்க்கில் தொழிலாளியை நனைத்த அதே ஆயுதம் இப்போது கை மாறியிருந்தது. போலீஸ் சுட்டதில் பத்துப் பேருக்கு மேல் காயம். 23 வயது ஜெனோரா ஜான்சன் ஒலிபெருக்கி வண்டியில் ஏறி, ஊர்ப் பெண்களைத் தங்கள் கணவன்மாருக்குத் துணையாக வந்து நிற்கும்படி அழைத்தார். வந்தார்கள். பின்னர் சிவப்புத் தொப்பி அணிந்த பெண்கள் அவசரப் படை ஒன்றையும் அவர் திரட்டினார்.

கோர்ட்டுக் கதை இன்னும் சுவையானது. தொழிலாளிகள் வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்ட நீதிபதி எட்வர்ட் பிளாக்கிடம் ஜெனரல் மோட்டார்ஸின் பங்குகள் 3,000க்கு மேல் இருப்பதைச் சங்கம் கண்டுபிடித்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தது. உத்தரவு செல்லாக்காசானது. வேறு நீதிபதி வேறு உத்தரவு போட்டார். ஆனால் புதிதாகப் பதவியேற்ற கவர்னர் ஃபிராங்க் மர்ஃபி (அங்கே மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் கவர்னர்) ராணுவப் படையை இரு தரப்புக்கும் நடுவே நிறுத்தினாரே தவிர, தொழிலாளிகள் மீது ஏவவில்லை. அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

டிசம்பரில் சுமார் 50,000 கார்கள் செய்த ஜெனரல் மோட்டார்ஸ், பிப்ரவரி முதல் வாரத்தில் செய்தது 125. பிப்ரவரி 11 அன்று கையெழுத்தானது. ஐக்கிய மோட்டார் தொழிலாளர் சங்கத்தோடு பேச கம்பெனி சம்மதித்தது. ஃபோர்டு மட்டும் நான்கு ஆண்டு முரண்டு பிடித்தார். ரூஜ் ஆலையின் நடைமேம்பாலத்தில் துண்டறிக்கை கொடுக்கப் போன சங்க நிர்வாகி வால்டர் ரூதரையும் தோழர்களையும் 1937 மே மாதம் அவருடைய அடியாட்கள் புரட்டி எடுத்தார்கள். போட்டோக்கள் நாடு முழுக்கப் போயின. 1941இல் அவரும் கையெழுத்துப் போட்டார்.

போர் வந்தது, போனது. 1946இல் ரூதர் சங்கத் தலைவரானார். அதற்குச் சற்று முன் ஜெனரல் மோட்டார்ஸில் அவர் நடத்திய 113 நாள் வேலைநிறுத்தத்தின் கோரிக்கை, என் கணிப்பில், அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றிலேயே துணிச்சலானது. கூலியை 30 சதவீதம் கூட்டு, கார் விலையைக் கூட்டாதே, முடியாது என்றால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டு! கூலியில் ஓரளவு கிடைத்தது. புத்தகம் திறக்கப்படவில்லை.

அந்தத் தோல்வியின் நிழலில்தான் 1950 மே மாத ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். விலைவாசிக்கு ஏற்ப ஏறும் பஞ்சப்படி, ஆண்டுதோறும் உறுதியான ஊதிய உயர்வு, சமூகப் பாதுகாப்புத் தொகையும் சேர்த்து மாதம் 125 டாலர் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீட்டில் பாதி என்று ஜெனரல் மோட்டார்ஸ் அள்ளிக் கொடுத்தது. பதிலுக்கு ஐந்தாண்டு அமைதி. எந்தக் கார், எங்கே, எந்த வேகத்தில், என்ன விலைக்கு என்பதெல்லாம் கம்பெனியின் விருப்பம். ஃபார்ச்சூன் பத்திரிகை இதற்கு டெட்ராய்ட் உடன்படிக்கை என்று பெயர் வைத்தது. கம்பெனிக்குத்தான் லாபம் என்பது அதன் தீர்ப்பு. நாட்டு மக்கள் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று அதிபர் ட்ரூமன் கேட்டுத் தோற்ற காலம் அது. நாடு தராததை ஆலை தந்தது, ஆலையில் இருப்பவனுக்கு மட்டும்.

கையில் காசு வந்தது. அடுத்து சொந்த வீடு. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களை வளைத்து லெவிட் குடும்பம் 1947 முதல் 17,000க்கு மேல் வீடுகள் கொண்ட லெவிட்டவுனைக் கட்டியது. ஃபோர்டின் லைனையே தலைகீழாக்கினார்கள். வீடு நின்ற இடத்தில் நிற்கும். தச்சரும் பெயின்டரும் வரிசையாக நகர்வார்கள். ஒரு வீடு 7,990 டாலர். போர் முடிந்து வந்தவருக்கு அரசு உத்தரவாதத்தில் கடன், முன்பணமே வேண்டாம். ஆனால் பத்திரத்தில் ஒரு நிபந்தனை: வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது, வேலைக்காரர்கள் தவிர. 1960இல் அந்த லெவிட்டவுனில் 82,000 பேர் இருந்தார்கள். அவர்களில் கறுப்பினத்தவர் கிட்டத்தட்ட இல்லை.

இது ஒரு கட்டடக்காரரின் துவேஷம் மட்டும் என்று தள்ளிவிட முடியாது. கறுப்பினத்தவர் வசிக்கும் பகுதியில் கடனுக்கு உத்தரவாதம் இல்லை என்பது அரசின் வீட்டுக் கடன் அமைப்பு வகுத்த விதி. டெட்ராய்ட்டில் கறுப்பினக் குடியிருப்பை ஒட்டி வீடு கட்ட நினைத்த ஒருவருக்குக் கடன் உத்தரவாதம் மறுக்கப்பட்டது. அவர் 1941இல் நடுவே ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். உத்தரவாதம் கிடைத்துவிட்டது! சுவர் இன்றும் இருக்கிறது. 1957இல் பென்சில்வேனியாவில் இருந்த இன்னொரு லெவிட்டவுனில் வில்லியம், டெய்சி மையர்ஸ் தம்பதி முதல் கறுப்பினக் குடும்பமாகக் குடியேறியபோது கூட்டம் இரவிரவாகக் கூடிக் கல்லெறிந்தது. வில்லியம் உலகப் போரில் பணியாற்றியவர்.

இதற்குள் ஆலைகளும் நகரத் தொடங்கிவிட்டன. 1947க்கும் 1958க்கும் இடையே டெட்ராய்ட் வட்டாரத்தில் நாட்டின் மூன்று பெரிய கார் கம்பெனிகளும் 25 புது ஆலைகள் கட்டின, அத்தனையும் புறநகரில். கறுப்பினத் தொழிலாளி வீடு வாங்க முடியாத புறநகர்! ரூஜில் போர்க்காலத்தில் 85,000 பேர் இருந்தார்கள், 1960இல் 30,000. எந்த ஆலை எங்கே என்று கேட்கும் உரிமையைச் சங்கம் 1950இலேயே விட்டுக்கொடுத்திருந்தது. உலைக்களத்திலும் வார்ப்படப் பிரிவிலும் கடைசியாகச் சேர்க்கப்பட்ட கறுப்பினத்தவர்கள் முதலில் வெளியேறினார்கள்.

கோபம் சங்கத்துக்குள்ளேயே வெடித்தது. சிவில் உரிமைக்காக மேடைதோறும் பேசிய ரூதரின் நிர்வாகக் குழுவில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட ஏன் இல்லை என்று, ஃபோர்டில் சங்கம் கட்டப் பாடுபட்ட ஹோரஸ் ஷெஃபீல்ட் 1959 மாநாட்டில் எழுந்து கேட்டார். தகுதியான ஆள் கிடைக்கும்போது என்று இழுத்தார்கள். 1962இல்தான் நெல்சன் ஜாக் எட்வர்ட்ஸ் அந்தக் குழுவுக்குள் நுழைந்தார்.

(தொடரும்)