காவற்பணியினின்று சட்டசபைக்கு: எரிக் ஆடம்ஸ் வரலாறு

போலீஸ் உடுப்பைக் களைந்தவர் சட்டசபை புகுதல் உலகில் புதுமையன்று. ஆயினும், போலீஸார் கையில் அடியுண்டு, பின்னர் அவ்வுடுப்பையே தரித்து, அதன்பின் அவ்விலாகாவின் ஏட்டையே கட்டுப்படுத்தச் சட்டம் சமைத்தவரைக் காண்டல் அரிது. அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரத்துக் கறுப்பினத்தவராகிய எரிக் ஆடம்ஸ் அத்தகையர். அவர் வரலாற்றுள் நம் சங்கத்தார் கருதத்தக்க பகுதி ஒன்றுண்டு. அதனையே ஈண்டு விரித்துரைக்கப் புகுந்தோம்.

1960-ஆம் ஆண்டில் ப்ரூக்லினில் பிறந்த ஆடம்ஸ், பதினைந்தாம் பிராயத்தில் உடன்பிறந்தானோடு பிடிபட்டு, குயின்ஸ் பகுதிப் போலீஸ் ஸ்டேஷனின் நிலவறையில் உதையுண்டார். இதனை அவரே பலகாலும் சொல்லியிருக்கின்றார். அங்ஙனமாயின் அவ்விலாகாவிற் சேர்ந்தது எற்றுக்கு எனின், ஹெர்பர்ட் டாட்ரி என்னும் பாதிரியார், உள்ளிருந்து திருத்துதற்கு நம்மவர் வேண்டும் என இளைஞர் சிலரைத் தூண்டினார். அவருள் இவர் ஒருவர். 1984-இல் சுரங்க ரயில் போலீஸிற் சேர்ந்து, கேப்டன் பதவி வரை உயர்ந்து, இருபத்திரண்டு ஆண்டுகட்குப் பின் 2006-இல் ஓய்வு பெற்றார்.

உத்தியோகத்திலிருந்த காலத்தே, 1995-இல், தம்மினத்துப் போலீஸார் சிலரோடு கூடி ஒரு சங்கம் கண்டார். அக்கறையுடைய கறுப்பினக் காவலர் நூற்றுவர் என்பது அதன் பெயர்ப்பொருள். இனச்சங்கமென்பது ஆண்டுவிழாவுக்கும் பூமாலைக்குமே உரியதென எண்ணுவார் நம்முள்ளும் உளர். இச்சங்கத்தாரோ, தம் இலாகாவினர் வரம்பு கடந்த போதெல்லாம் வெளிப்படையாய்க் கண்டித்தனர். போலீஸார் வழிமறித்தால் எவ்வாறு நடந்துகொள்வதென இளைஞர்க்குக் கற்பித்தும் வந்தனர். மேலதிகாரிகளின் சினத்துக்கு ஆளாவோம் என்றறிந்தும் இது செய்தமை பெரிதன்றோ!

2007-ஆம் ஆண்டு முதல் நியூயார்க் மாநில மேல்சபையில் அங்கம் வகித்தார். அந்நாளில் அந்நகரப் போலீஸார் தெருவிற் செல்வோரை நிறுத்திச் சோதித்தல் மிக மிகுந்திருந்தது. 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை நிகழ்ந்த சோதனைகள் ஏறத்தாழ 44 லட்சம். நிறுத்தப்பட்டோரில் நூற்றுக்கு 52 பேர் கறுப்பர். 31 பேர் ஸ்பானிய மொழி வழியினர். நூற்றுக்கு 88 சோதனைகளில் கைதுமில்லை, சம்மனுமில்லை. ஆயினும், ஒவ்வொரு நிறுத்தத்திற்கும் ஒரு பாரம் நிரப்பப்பட்டு, குற்றமற்றவர் பெயரும் விலாசமுங்கூடக் கணிப்பொறி ஏட்டில் ஏறி நின்றன. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பெயர்ப்பதிவை 1947-இல் நீக்கும் வரை கண்ட சென்னை மாகாணத்தார்க்கு இதன் கொடுமையை விரித்துரைக்க வேண்டா.

அந்தப் பாரத்தை நிரப்பும் தொழிலை உள்ளிருந்தறிந்தவர் ஆடம்ஸ். ஹக்கீம் ஜெஃப்ரிஸ் கீழ்ச்சபையிலும் இவர் மேல்சபையிலுமாக ஒரு மசோதாவைக் கொணர்ந்தனர். குற்றஞ் சாட்டப்படாது விடப்பட்டவரின் பெயரும் விலாசமும் அவ்வேட்டில் இருத்தலாகாது என்பதே அதன் சாரம். நகர மேயரும் போலீஸ் கமிஷனரும் எதிர்த்தனர். எனினும் கவர்னர் டேவிட் பாட்டர்ஸன் 2010 ஜூலையில் ஒப்பமிட்டார்.

அம்மசோதா பற்றிய கலந்துரையாடலில், கறுப்பின இளைஞர் மனத்தில் அச்சம் விளைத்தற்கே இச்சோதனைகள் என்று கமிஷனர் ரேமண்ட் கெல்லி கூறியதாக, 2013-இல் நீதிமன்றத்தில் ஆடம்ஸ் சாட்சியம் அளித்தார். கெல்லி அதனை மறுத்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 12-இல் நீதிபதி ஷீரா ஷைன்ட்லின், அச்சோதனை நடைபெற்ற முறை அரசியற் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்புரைத்தார். இலாகாவில் கேப்டனாயிருந்த ஒருவர் அதற்கெதிராய்ச் சாட்சிக் கூண்டேறுதலினும் கடினமான செயல் அவர் வாழ்வில் வேறில்லை என்பது எம் கருத்து.

தம் இனத்தாரையும் அவர் இடித்துரைக்கத் தவறினாரல்லர். காற்சட்டையை இடுப்பின் கீழ் நழுவவிட்டுத் திரியும் இளைஞரை, அதனை ஏற்றிக் கட்டுமாறு 2010-இல் தெருவெங்கும் விளம்பரப் பலகை நாட்டினார். மாணாக்கரோடு நாடோறும் போராடும் எமக்கு இஃது இனித்தது; நகைத்தவரும் உளராம்.

பின்னர் ப்ரூக்லின் பகுதித் தலைவராகி, 2022-இல் நகர மேயரானார். அப்பதவிக் காலம் முந்தைய புகழுக்கு ஒத்ததென்று யாம் சொல்லோம். 2024 செப்டம்பரில் கைக்கூலி முதலிய குற்றங்கள் அவர்மேற் சாட்டப்பட்டன. 2025 ஏப்ரலில் அவ்வழக்குத் தள்ளப்பட்டது. மறுதேர்தலுக்கு நின்றவர் இடையே விலகி, அவ்வாண்டு டிசம்பர் முடிவில் பதவி நீங்கினார். 2010-இன் சட்டமோ அவரோடு நீங்கவில்லை.