பிளாவில் குடிச்ச கள்ளும் தேத்தண்ணிக்கடைத் தனிக்குவளையும்

பெல்ஜியத்தில் வெஸ்ட்வ்லெட்டரன் எண்டு ஒரு ஊர். அங்குள்ள மடத்துத் துறவிகள் 19 ஆம் நூற்றாண்டிலிருந்து பியர் காய்ச்சுகிறார்கள். மடத்தின் செலவுக்குத் தேவையான அளவு மட்டும்தான். 2005 இல் ஒரு இணையத்தளம் அதை உலகின் முதல்தரப் பியர் எண்டு சொன்னதும் மடத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின. 2010 இல் ஸ்கொட்லாந்தின் புரூடோக் நிறுவனம் 55 வீத மதுசாரம் கொண்ட பியரை 12 போத்தல் மட்டும் செய்து, பாடம் பண்ணின அணில்களுக்குள்ளும் மரநாய் போன்ற விலங்குகளுக்குள்ளும் வைத்து விற்றது. ஒரு போத்தல் 500 பவுண் அல்லது அதற்கும் மேல். ருசியை விட, "எல்லாருக்கும் கிடைக்காது" எண்டதுக்குத்தான் அந்த விலை.

இதை வாசிக்கேக்க எங்களுக்கு ஞாபகம் வந்தது பளையும் பூநகரியும். உண்மையிலேயே அளவாக மட்டும் கிடைக்கிற குடிவகை ஒண்டு எங்கட ஊரில் எப்பவோ இருக்கிறது. பனங்கள்ளு வருடத்தில் சில மாதம்தான். காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவ வேணும். முட்டியில் விழுந்த சாறு காற்றிலுள்ள நொதியத்தால் தானாகவே புளிக்கத் தொடங்கும். அடுத்த நாளைக்கு வைத்தால் புளித்துப் போய்விடும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் அதே சாறு கருப்பநீர். இவ்வளவு நுட்பம் இருந்தும் இதைத் தேடி ஏன் ஒருத்தரும் பெருமையாக வரிசையில் நிற்கவில்லை?

காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் கள் இறக்குவதை அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவந்தது. தவறணையை ஏலத்தில் எடுத்தவருக்கு லாபம், மரமேறினவருக்குக் கூலி. 1970களில் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகுதான் அந்த நிலை கொஞ்சம் மாறியது. பனை அபிவிருத்திச் சபை 1978 இல் வந்தது.

ஆனால் காசை விடப் பெரிய விசயம் சாதி. சீவல் தொழிலை ஒடுக்கப்பட்ட சமூகங்களின் தலையில் கட்டியிருந்தார்கள். அவர்கள் இறக்கின கள்ளை "உயர்ந்த" ஆக்களும் பிளாவில் வாங்கிக் குடிச்சார்கள். அதே சீவல் தொழிலாளி தேத்தண்ணிக்கடைக்குப் போனால் அவருக்குத் தனிக்குவளை, சில இடங்களில் சிரட்டை. 1957 இல் சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் வந்தும் இது நிற்கவில்லை. 1966 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போய், 1968 இல் மாவிட்டபுரம் கோவில் வாசலில் நிண்டு போராடவேண்டி இருந்தது. இதெல்லாம் யாழ்ப்பாணத்துக் கதை எண்டு நாங்கள் தப்பேலாது. குடியேற்றத் திட்டங்களில் காணி கிடைத்து வன்னிக்கு வந்த சனத்தோட சாதியும் வந்தது.

பியர்க்காரருக்கு "இன்னாரின் கைப்பக்குவம்" எண்டதே விலையைக் கூட்டுகிறது. எங்களிடம் கைப்பக்குவம் இருந்தவரைத்தான் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். ஒதுக்கல் இரண்டிலும் உண்டு. அங்கே வாங்குகிறவரை ஒதுக்குகிறார்கள், இங்கே செய்கிறவரை ஒதுக்கினோம்.

போரில் பனைகள் பங்கருக்குத் தறிபட்டன, ஷெல்லில் தலையிழந்தன. இன்று நடுகிற விதை பாளை விட 15, 20 வருடம் செல்லும். மரமேறுகிறவர்களும் குறைகிறார்கள். தகப்பனின் தொழிலைச் சொல்லி வகுப்பில் பட்டம் தெளிக்கப்பட்ட பிள்ளை தளைநாரைத் தொட விரும்புமா?

குடியைப் புகழ நாங்கள் இதை எழுதவில்லை. போருக்குப் பிறகு சாராயம் வன்னிக் குடும்பங்களுக்குச் செய்தது எங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்பது தொழிலுக்கான மரியாதையை. போத்தலில் அடைத்து அழகான லேபிள் ஒட்டினால் மட்டும் அது வந்துவிடாது.

வெஸ்ட்வ்லெட்டரன் துறவி ஒருவரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. எங்கட ஊரில் கள்ளிறக்குகிறவரின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அவரை அந்தப் பெயரைச் சொல்லி, "உள்ள வந்து இருங்கோ" எண்டு கூப்பிட்ட வீடுகள் எத்தனை?