ஆமைக் குளத்து நீரும் கண்டி வாவியும்

கண்டி இராச்சியத்தின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் தென்னாட்டு நாயக்கர் வழிவந்தவன். 1798ஆம் ஆண்டிலே முடிசூடிய அம்மன்னன், தலதா மாளிகையின் முன்னே கிடந்த வயல்வெளியின் குறுக்கே அணையொன்றை எழுப்பி வாவி ஒன்றை உண்டாக்கினான். வாவி எழுந்த ஆண்டு 1807 என்பது பொதுவழக்கு. ஆங்கில அதிகாரியான ஜோன் டொயிலியோ அணைவேலை 1810க்கும் 1812க்கும் இடையே நடந்ததாகக் குறித்துள்ளார். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தாலேயே அவ்வேலை நிறைவேறியது. குடிமக்களின் மனக்கசப்புக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. 1815இல் சிறைப்பட்ட மன்னன் பின்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டான். வாவி மட்டும் நிலைத்தது.

சிங்கள மக்கள் அதனைக் ‘கிரி முகுத’, அதாவது பாற்கடல், என்று அழைத்தனர். பாற்கடல் என்றால் மந்தரமலையைத் தாங்கிய ஆமை நம் நினைவுக்கு வாராதிருக்குமா? இப்பாற்கடலிலும் ஆமைகள் உண்டு. காராமையும் பாலாமையும் இலங்கையின் நன்னீர் நிலைகளுக்கு உரியவை. வெயிலேறும் வேளையிற் கரையோரக் கற்களில் ஏறி ஓடு உலர்த்தும் ஆமைகளைக் காண்போர், வீட்டு முற்றத்திலும் ஒரு சிறு தொட்டி கட்டி ஆமை வளர்க்க ஆசைப்படுவது இயல்பே.

ஆனால் தொட்டி கட்டுவது எளிது. அதன் நீரைப் பேணுவது அரிது. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். நீர் கெட்டால் மீன் மேற்பரப்புக்கு வந்து வாய் பிளந்து தவிக்கும். சிலநாளில் மடிந்து மிதக்கும். ஆமையோ தலையை வெளியே நீட்டிக் காற்றை உண்டு, நாறும் நீரிலும் நெடுநாள் வாழ்ந்திருக்கும். கண் வீங்கி, ஓடு மென்மையுற்றுப் புண்பட்ட பின்னரே வளர்ப்பவர் விழித்தெழுவார். முறையிடாத உயிரை வளர்ப்பதில் உள்ள இடர் இதுவே.

நீரைத் தெளிவித்தல் நம் முன்னோர் அறியாத கலை அன்று. கலங்கிய நீர்க் குடத்தின் உட்புறத்திலே தேற்றாங்கொட்டையை உரைத்துவைத்தால் சேறு அடியிற் படியும். எனினும் தெளிந்த நீரெல்லாம் தூய நீராகிவிடாது. ஆமையின் கழிவிலிருந்து பிறக்கும் அமோனியா கண்ணுக்குத் தெரிவதில்லை. தேற்றாங்கொட்டைக்கு அது அகப்படுவதுமில்லை.

கண்டி வாவி உருவான காலத்தை ஒட்டியே, 1804இல், ஸ்கொத்லாந்தின் பெயிஸ்லி நகரில் ஜோன் கிப் என்பவர் நீரை மணலில் வடித்து ஊராருக்கு விற்றார். 1829இல் ஜேம்ஸ் சிம்சன் இலண்டனிலே பெரிய மணல் வடிகட்டியை நிறுவினார். மணல் வெறும் சல்லடையாகவே பணியாற்றுகிறது என அந்நாளிற் பலரும் எண்ணினர். 1877இல் பிரான்சிலே சுலோசிங், முண்ட்ஸ் என்னும் இருவர் சாக்கடை நீரை மணல் நிரம்பிய குழாயில் மெல்ல ஒழுகவிட்டனர். ஏறத்தாழ இருபது நாள் வரை மாற்றமொன்றுமில்லை. அதன்பின் அமோனியா குறைந்து நைத்திரேற்று தோன்றலாயிற்று. குளோரோபோம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றுபோயிற்று. மணலில் உயிர்கள் குடியேறி வேலை செய்கின்றன என்பது அன்றே புலனாயிற்று. 1890 அளவில் வினொகிராட்ஸ்கி அவ்வுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

ஆமைத் தொட்டிக்கு வடிகட்டி அமைப்போர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. நீர் முதலில் ஒரு பீப்பாய்க்குட் சென்று, அங்கே மலமும் எஞ்சிய உணவும் அடியிற் படியவேண்டும். பின் கூழாங்கல் நிரம்பிய இரண்டாம் பீப்பாயின் ஊடே சென்று தொட்டிக்கு மீளவேண்டும். படிந்த சேற்றை அடிக்கடி அகற்றலாம். கல்லையோ குளோரின் கலந்த குழாய்நீரிற் கழுவலாகாது. தொட்டி நீரிலேயே அலசவேண்டும். பளபளக்கக் கழுவிய கல்லில் ஒரு நுண்ணுயிரும் எஞ்சாது. சிலவார உழைப்பு ஒரு நொடியிற் பாழாகும். நீரேற்றியை இரவில் நிறுத்திச் சிக்கனம் செய்வதும் அத்தகைய தவறே. ஓடும் நீர் கொணரும் பிராணவாயு இன்றி அவ்வுயிர்கள் வாழா. இறுதியில் எஞ்சும் நைத்திரேற்றை ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகள் உண்ணும். நீரின் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றுவதும் வேண்டும்.

கண்டி வாவியும் இவ்விதிக்குப் புறம்பானதன்று. 1856இல் ஒதுக்குக்காடாக்கப்பட்ட உடவத்தைக்காடு, வடபால் மலையின் மண்ணை வேரால் இறுக்கிப் பிடித்திருக்கிறது. வாவியின் தலைப்பக்கத்தே ஓடைகள் கொணரும் வண்டலைத் தேக்கும் பொறியுமுண்டு. அது முதற் பீப்பாயின் வேலையைச் செய்வது. ஆனால் நீரிற் கரைந்து வருவதை வண்டற்பொறி தடுக்குமா? வீடுகளும் விடுதிகளும் பெருகப் பெருக, அவற்றின் கழிவிலுள்ள நைதரசனும் பொசுபரசும் வாவியில் நிறைந்தன. 1999ஆம் ஆண்டு மே மாதத்திலே மைக்குரோசிஸ்ரிசு என்னும் நீலப்பச்சைப் பாசி பெருகி நீர்மேற் பச்சை ஆடையாகப் படர்ந்தது. நஞ்சை உண்டாக்க வல்ல பாசி அது. பாற்கடலில் ஆலகாலம் எழுந்த கதை எவர்க்கும் தோன்றாமற் போகாது.

அதற்கு முந்திய ஆண்டுகளிலும் ஆமைகள் வெயிற் காய்ந்தே இருந்தன; பயணிகள் அவற்றைப் படம்பிடித்தே சென்றனர். நகரின் கழிவுநீரைக் குழாய்வழி திரட்டிக் கன்னொருவையிலே சுத்திகரிக்கும் திட்டத்துக்கு 2010இல் யப்பானியக் கடன் பெறப்பட்டது. வாவியிலிருந்து வழியும் நீர் மெத எல என்னும் கால்வாயாய் நகரினூடே ஓடி, மகாவலி கங்கையிற் சென்று கலக்கின்றது.